அரிசி ஆலையில் பணிப் பாதுகாப்பு: நடத்தவும் அளக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலை. வாசலில் 'விபத்தில்லா நாட்கள் 212' என்று எழுதிய பலகை தொங்கியது. அதன் கீழே உட்கார்ந்து லோடுமேன் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வலது கை நடுவிரலில் மஞ்சள் பற்றுப் போட்ட துணிக்கட்டு. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மூட்டைக்கும் லாரிப் பலகைக்கும் நடுவில் நசுங்கிவிட்டது சார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலகையை அழித்துவிடுவார்கள், தீபாவளிக்குத் தருவதாகச் சொன்ன பணம் எல்லோருக்கும் போய்விடும்" என்றார்.

பாதுகாப்புப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். முதல் நாள் தலைக்கவசம் வாங்குகிறார்கள், இரண்டாம் நாள் பலகை மாட்டுகிறார்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே இரண்டும் வந்துவிடுகின்றன. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் செய்தியை வைத்துத்தான் அடுத்த படியைச் செய்ய முடியும்.

உதாரணத்துக்கு 40 பேர் வேலை செய்யும் ஒரு புழுங்கல் அரிசி ஆலையை எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையிலும் நாகப்பட்டினத்து ஐஸ் தொழிற்சாலையிலும் ஆபத்துகள் வேறாக இருக்கும். செய்யும் வரிசை இதுவேதான்.

தொடங்கும் முன் தேவையானவை

முதலில் காலம். சம்பா நெல் வரத்து ஓய்ந்து, குறுவை நெல் வருவதற்கு இடைப்பட்ட மாதங்களில் தொடங்குங்கள். இயந்திரத்தை நிறுத்தி மூடி செய்யவும், குழிக்குக் கம்பிவலை போடவும் அப்போதுதான் முடியும். வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது எந்த முதலாளியும் அரை நாள் ஆலையை நிறுத்தமாட்டார்.

அடுத்து, முதலாளியிடம் இரண்டு முடிவுகளை எழுத்தில் வாங்குங்கள். அவரைக் கேட்காமல் நீங்கள் எவ்வளவு தொகை வரை செலவு செய்யலாம் என்பது ஒன்று. ஆபத்து என்று கருதும் எந்தத் தொழிலாளியும் இயந்திரத்தை நிறுத்தலாம், அதற்காகக் கூலி பிடிக்கப்படாது என்பது இன்னொன்று. வாய்ச்சொல்லாகக் கிடைத்தால் முதல் நெருக்கடியிலேயே அது மறந்துபோகும்.

மூன்றாவது, வேலை நேரக் கணக்கு. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் லோடுமேன்களின் நேரம் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில் இருப்பதில்லை. அவர்கள் நேரம் கணக்கில் இல்லையென்றால் அவர்கள் காயமும் கணக்கில் வராது. ஆலையில் அதிகம் அடிபடுகிறவர்களே விடுபட்ட கணக்கை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது.

பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்கள் வேலை செய்தால், அவர்களில் தமிழ் பேசத் தெரிந்த ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

1. நெல் போகும் வழியிலேயே நடந்து பாருங்கள்

எடைமேடையில் தொடங்கி, நெல் கொட்டும் குழி, நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர், ஊறல் தொட்டி, அவிக்கும் தொட்டி, நெல்லைக் காயவைக்கும் டிரையர், உமி நீக்கும் ஷெல்லர், பாலிஷ், கடைசியில் அரிசி மூட்டை அடுக்கு வரை நடங்கள். பிறகு பாய்லர், உமிக் குவியல், சாம்பல் கொட்டும் இடம், கழிவுநீர்த் தொட்டி.

ஒரு முறை போதாது. ஆலை ஓடும்போது பகலில் ஒரு முறை, இரவு ஷிப்டில் ஒரு முறை, அடைப்பு எடுத்துச் சுத்தம் செய்யும்போது ஒரு முறை. மூன்றிலும் வேலை வேறு வேறு விதமாக நடக்கும். விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கும் வேலைக்கும் கை செய்யும் வேலைக்கும் இருக்கும் இடைவெளியில்தான் பெரும்பாலான விபத்துகள் ஒளிந்திருக்கின்றன என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள். அந்த இடைவெளி அடைப்பு எடுக்கும் நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

முதலாளியைக் கூட அழைத்துப் போகாதீர்கள். அவர் வந்தால் எல்லோரும் சட்டத்தின்படி வேலை செய்வார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலையில் உங்களுக்குப் பயமாக இருக்கும் நேரம் எது?" 'ஆபத்து இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். பயம் எப்போது என்று கேட்டால் பேசுவார்கள்.

2. உயிரைப் பறிப்பவற்றைத் தனியாகப் பிரித்தெடுங்கள்

நடந்து வந்த பிறகு உங்கள் நோட்டில் 60, 70 குறிப்புகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்து மேலிருந்து கீழாகச் சரிசெய்யத் தொடங்குவதுதான் அடுத்த தவறு. தரையைக் கூட்டுவது, துடைப்பது போன்ற எளிதான வேலைகள் முடியும். கொல்லக்கூடியவை பட்டியலில் அப்படியே நிற்கும்.

இந்தத் தவறுக்கு ஒரு பழைய முக்கோணம் காரணம். ஹைன்ரிக் என்பவர் 1931இல் எழுதியது: ஒரு பெரிய காயத்துக்கு 29 சிறிய காயங்களும், காயம் ஏற்படுத்தாத 300 நிகழ்வுகளும் அடியில் இருக்கின்றன. இதைப் பலர், சிறு காயங்களைக் குறைத்தால் உயிரிழப்பும் தானாகக் குறையும் என்று புரிந்துகொண்டார்கள். பிற்கால ஆய்வுகள் இதை ஏற்கவில்லை. விரல் நசுங்குவதற்குக் காரணம் ஒன்று, பாய்லர் வெடிப்பதற்குக் காரணம் முற்றிலும் வேறு.

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்த வெடிவிபத்தில் 15 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த ஜேம்ஸ் பேக்கர் குழு 2007இல் தந்த அறிக்கை, தனிநபர் காய விகிதம் குறைந்ததைப் பார்த்து நிறுவனம் ஆலையே பாதுகாப்பாக இருப்பதாக நம்பிவிட்டது என்று சுட்டிக்காட்டியது. வழுக்கி விழுவோர் எண்ணிக்கை, கொதிகலத்தின் நிலையைச் சொல்லாது.

ஆகவே, நோட்டில் உள்ள ஒவ்வொரு குறிப்பிலும் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். உயரம், நீராவி, மின்சாரம், சுழலும் பெல்ட், சரியக்கூடிய எடை, மூச்சு முட்டும் இடம். இவற்றில் ஒன்று இருந்தால் அது தனிப்பட்டியல். ஒரு அரிசி ஆலையில் பெரும்பாலும் ஏழெட்டு வரும். இரண்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் இவற்றைத் தவறாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, உமிச் சாம்பல். குவியலின் மேல்பகுதி கறுத்து, ஆறிப்போனதுபோல இருக்கும். உள்ளே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். குறுக்கு வழி என்று அதன்மேல் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். மழை பெய்த மறுநாள் மேற்பரப்பு மண் தரைபோலவே இருப்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். சுற்றிலும் வேலி போட்டு, நடக்கும் பாதையை வேறு பக்கம் மாற்றுங்கள்.

மற்றொன்று, கழிவுநீர்த் தொட்டியும் நெல் சேமிக்கும் பெருங்கலனும். நெல் ஊறிய நீர் புளித்தால் தொட்டிக்குள் நச்சு வாயு தேங்கும், பிராணவாயு குறையும். கலனுக்குள் ஈர நெல் மேலே ஓடுபோல இறுகி, அடியில் வெற்றிடம் விழும். அதன்மேல் நின்று குத்திவிட்டால் ஓடு உடையும். கீழே நெல் இறங்கிக்கொண்டிருந்தால் சில நொடிகளில் இடுப்பு வரை புதைந்துவிடுவார். அதற்குப் பிறகு கைப்பிடித்து இழுத்து எடுக்க முடியாது.

3. தடுப்பை மேலிருந்து கீழே யோசியுங்கள்

தடுப்புகளுக்கு ஒரு தரவரிசை உண்டு. ஆபத்தையே நீக்குவது முதலில். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ளதாக மாற்றுவது. பிறகு மூடி, வேலி, தானியங்கி நிறுத்தம். அதன் பிறகு விதிமுறை, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. கடைசியில்தான் கையுறை, தலைக்கவசம், முகமூடி. மேலே உள்ளவை மனிதனின் நினைவை நம்பி இருப்பதில்லை. அதனால்தான் அவை மேலே இருக்கின்றன. இரவு 2 மணிக்கு, தொடர்ந்து பத்தாவது மணி நேரமாக வேலை செய்பவரின் நினைவை நம்பிய எதுவும் ஒரு நாள் கைவிடும்.

எலிவேட்டர் பெல்ட் மூடியை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லா ஆலைகளிலும் மூடி இருக்கும், சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மூடியை மாட்டாத தொழிலாளியைத் திட்டுவதற்கு முன், அது ஏன் கழன்றது என்று பாருங்கள். கிரீஸ் போட வேண்டிய துளை மூடிக்கு உள்ளே இருக்கிறது. நாலு நாளைக்கு ஒரு முறை கிரீஸ் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆறு போல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். மூன்றாவது முறை யாரும் மாட்டமாட்டார்கள்.

கிரீஸ் துளையிலிருந்து ஒரு செம்புக் குழாயை மூடிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் மூடியைக் கழற்றும் அவசியமே போய்விடும். ஒரு ஃபிட்டருக்கு அரை நாள் வேலை. பெல்ட் இழுவையைப் பார்க்க ஒரு கம்பிவலைச் சன்னலையும் மூடியிலேயே வெட்டிவிடுங்கள். வேட்டி நுனியும், கூட்டும் பெண்களின் புடவைத் தலைப்பும் சிக்காமல் இருக்க நூறு அறிவிப்புகளைவிட இந்த ஒரு குழாய் அதிகம் செய்யும்.

நெல் கொட்டும் குழிக்கு, மனிதக் கால் நுழையாத அளவில் கம்பிச் சட்டம் போடுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு, உள்ளே இறங்காமல் வெளியிலிருந்தே சேறு எடுக்கும் பம்பு வையுங்கள். இறங்கியே தீர வேண்டும் என்றால், வாயு அளவி கொண்டு சோதித்து, காற்று செலுத்தி, இடுப்புப் பட்டையும் மேலே இழுக்கும் முக்காலியும் தயாராக வைத்து, வெளியில் ஒரு காவலர் நின்ற பிறகே இறங்க வேண்டும். கிணற்றில் செய்வதுபோல விளக்கை இறக்கிப் பார்ப்பது போதாது. சுடர் அணையாமல் எரிந்தாலும் நச்சு வாயு இருக்கலாம். எரியும் வாயு இருந்தால் விளக்கே தீமூட்டிவிடும்.

அந்தக் காவலருக்குச் சொல்ல வேண்டிய ஒரே பாடம், தானும் உள்ளே குதிக்கக் கூடாது என்பதுதான். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் விடுத்த எச்சரிக்கையின்படி, மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள். அண்ணன் விழுந்தான் என்று தம்பி குதிக்கிறான். அந்த நொடியில் யோசனை வேலை செய்யாது. அதனால்தான் முன்கூட்டியே பழக்கப்படுத்த வேண்டும்.

4. நிறுத்து, பூட்டு, சோதி

அடைப்பு எடுக்கும்போது வேறு யாரோ சுவிட்சைப் போட்டுவிடுவது, நான் பார்த்தவற்றில் மிகக் கொடூரமான விபத்து. பழைய ஆலைகளில் பியூஸ் கட்டையைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு ஏறும் வழக்கம் இருந்தது. நல்ல வழக்கம். புதிய மின்பலகைகளில் கழற்றப் பியூஸ் இல்லை, அதனால் பூட்டு வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரே ஒரு சாவி, அது அவர் இடுப்பில். இருவர் ஏறினால் இரண்டு பூட்டு. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். தவறான சுவிட்சைப் பூட்டிவிட்டு நிம்மதியாக உள்ளே கைவிட்டவர்கள் உண்டு. இந்தச் சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஷிப்டு மாறும்போது பூட்டியிருக்கும் இயந்திரத்தின் அருகிலேயே நின்று ஒப்படையுங்கள். வடகடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று 167 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த ஒரு பம்பு, அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேராததால் இயக்கப்பட்டது. நம் ஆலையின் அளவு சிறியது, ஆனால் பகல் ஷிப்டு ஃபிட்டர் சொல்லாமல் வீட்டுக்குப் போவது இங்கேயும் நடக்கிறது.

5. நூலிழையில் தப்பியவற்றைப் பேச வையுங்கள்

இப்போதுதான் தகவல் திரட்டும் கட்டம் வருகிறது. தடுப்புகளில் சிலவற்றையாவது நீங்கள் செய்து காட்டிய பிறகு கேட்டால்தான் மக்கள் சொல்வார்கள். வெறும் கையோடு போய், 'எதுவானாலும் சொல்லுங்கள்' என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

பெட்டி வைத்துச் சீட்டு எழுதிப் போடச் சொல்லாதீர்கள். எழுதப் பழக்கமில்லாதவர்கள் பலர். எழுதுபவர்களுக்குக் கையெழுத்து தெரிந்துவிடும் என்ற அச்சம். தேநீர் நேரத்தில் போய் உட்கார்ந்து நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இடம், நேரம், என்ன நடந்தது, என்ன நடந்திருக்கக்கூடும், அவ்வளவு போதும்.

இரண்டு நாளுக்குள் பதில் சொல்லுங்கள். செய்ய முடியாததாக இருந்தால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள். ஒரு அக்கா, டிரையர் ஏணியின் மூன்றாவது படி ஆடுகிறது என்று சொன்னார். மறுநாள் காலை அவர் கண்முன்னே அந்தப் படியை வெல்டிங் செய்தோம். அந்த வாரத்திலேயே அவரோடு களம் கூட்டும் பெண்களிடமிருந்து ஐந்து செய்திகள் வந்தன.

காயமில்லா மாதத்துக்குப் பணம் தருவதை உடனே நிறுத்துங்கள். பாதுகாப்பு உணர்வு பலவீனமான நிறுவனங்களில் மறைக்கப்படும் காயங்கள் அதிகம் என்று டாஹிரா புரோப்ஸ்ட் போன்றோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பரிசு அந்த மறைப்புக்குச் சக தொழிலாளிகளின் அழுத்தத்தையும் சேர்த்துவிடுகிறது. முதல் மாதங்களில் பதிவுகள் கூடினால் முதலாளி பதறுவார். ஒளிந்திருந்தவை வெளியே வருகின்றன என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.

6. எண்களை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 3786ஆம் எண் தரநிலை சொல்லும் கணக்கு எளிது. வேலைநாள் இழப்பு ஏற்படுத்திய காயங்களின் எண்ணிக்கையை 10 லட்சத்தால் பெருக்கி, மொத்த வேலை மணி நேரத்தால் வகுத்தால் காய விகிதம். காயங்களுக்குப் பதிலாக இழந்த நாட்களை வைத்தால் தீவிர விகிதம். ஓர் உயிரிழப்புக்கு 6,000 நாட்கள் என்று வைக்க வேண்டும்.

நம் ஆலையில் 40 பேர், 8 மணி நேரம், 300 நாள். மொத்தம் 96,000 மணி. ஒரு காயம் என்றால் விகிதம் 10.4. இரண்டு என்றால் 20.8. ஒன்றும் இல்லையென்றால் பூச்சியம். ஒரே ஒரு விரல் நசுங்கியதால் எண் இரட்டிப்பாகிறது.

இதைவிட முக்கியமானது அடுத்த கணக்கு. சராசரியாக ஆண்டுக்கு ஒரு காயம் ஏற்படக்கூடிய ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாமல், அதே ஆபத்தோடு ஓடினாலும், 100 ஆண்டுகளில் ஏறக்குறைய 37 ஆண்டுகள் காயமே இல்லாமல் கழியும், 26 ஆண்டுகளில் இரண்டோ அதற்கு மேலோ வரும். பூச்சியம் வந்த ஆண்டில் மாலை போடுவதும், இரண்டு வந்த ஆண்டில் மேஸ்திரியை மாற்றுவதும் தற்செயலுக்குக் கொடுக்கும் பரிசும் தண்டனையும்தான்.

பெரிய நிறுவனங்களாலும் இதிலிருந்து தப்ப முடியவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஹாலோவெல் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு, 17 ஆண்டுகளில் 3.2 லட்சம் கோடி வேலை மணி நேரத் தரவை ஆராய்ந்தது. பதிவான காய விகிதத்தின் ஏற்ற இறக்கத்தில் 96 முதல் 98 சதவீதம் வரை தற்செயல் என்பது முடிவு. அந்த விகிதத்துக்கும் உயிரிழப்புக்கும் தொடர்பு எதையும் அவர்கள் காணவில்லை.

ஆகவே காய விகிதத்தைப் பதிவு செய்யுங்கள், ஆனால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடாதீர்கள். வாரந்தோறும் அளக்க வேண்டியது தடுப்புகளை. இரண்டாம் படியில் பிரித்த ஏழெட்டு ஆபத்துகளுக்கும் நீங்கள் வைத்த தடுப்புகளில் 20 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். முன்னறிவிப்பின்றி, ஒரு வாரம் பகலில், அடுத்த வாரம் இரவில் பாருங்கள். மூடி மாட்டியிருக்கிறதா, பூட்டு இருக்கிறதா, சாம்பல் வேலி நிற்கிறதா, மூட்டை அடுக்கு சாய்ந்திருக்கிறதா. 20க்கு எத்தனை சரி என்பதுதான் உங்கள் எண். 14 என்றால் சரிசெய்ய வேண்டிய ஆறு இடங்கள் பெயரோடு கையில் இருக்கின்றன.

பயிற்சிக் கூட்டங்களின் எண்ணிக்கையை அளக்காதீர்கள், கூட்டம் மட்டும் கூடும். 'மாதம் 10 தப்பிய நிகழ்வுகள்' என்று இலக்கு வைக்காதீர்கள். மாதக் கடைசியில் 'தரையில் தண்ணீர்' என்று பத்துச் சீட்டுகள் வரும்.

7. மேஸ்திரியிடம் போங்கள்

பாதுகாப்புச் சூழல் என்று ஆய்வாளர்கள் சொல்வதை 1980இல் இஸ்ரேலின் 20 தொழிற்சாலைகளில் டோவ் சோஹர் அளந்தார். மேலிருப்பவர்கள் எதை உண்மையில் முக்கியமாகக் கருதுகிறார்கள் என்பதைத் தொழிலாளிகள் அவர்களின் பேச்சிலிருந்தும் நடத்தையிலிருந்தும் படித்துக்கொள்கிறார்கள். முதலாளியின் உரை தொலைவில் இருக்கிறது. மேஸ்திரியின் குரல் காதருகே இருக்கிறது.

2002இல் அவரே வெளியிட்ட இன்னோர் ஆய்வில், மேற்பார்வையாளர்கள் பாதுகாப்பைப் பற்றி எத்தனை முறை பேசினார்கள் என்று தொழிலாளிகளிடம் கேட்டு, அதை வாரந்தோறும் மேற்பார்வையாளர்களுக்கே தெரிவித்தார்கள். பேச்சு கூடியது, சிறு காயங்கள் குறைந்தன. தனிப் பயிற்சி வகுப்பு இல்லாமலேயே.

இதை அப்படியே செய்யலாம். வாரம் ஒரு முறை, ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: "கடைசியாக மேஸ்திரி உங்களிடம் எதைப் பற்றிப் பேசினார்?" வேகம், எண்ணிக்கை, பாதுகாப்பு என்று மூன்று கோடுகள் போட்டுக்கொண்டு, யார் சொன்னது என்று சொல்லாமல் மேஸ்திரியிடம் மட்டும் காட்டுங்கள். "அண்ணே, இந்த வாரம் ஆறு பேரில் ஒருவர்கூடப் பாதுகாப்பைச் சொல்லவில்லை" என்றால் போதும், விளக்கம் வேண்டாம். முதலாளியிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் மேஸ்திரி உங்களை ஒற்றனாகப் பார்ப்பார். அன்றோடு இந்த முறை செத்துவிடும்.

8. விபத்து நடந்துவிட்டால்

முதலில் சிகிச்சை, அவர் வீட்டாருக்குத் தகவல், அன்றைய கூலி. இவை முடிவதற்குள் விசாரணை நோட்டை எடுக்காதீர்கள்.

விசாரணையில் 'கவனக்குறைவு' என்ற சொல்லைத் தடை செய்துவிடுங்கள். அந்தச் சொல் வந்ததும் கேள்வி நின்றுவிடுகிறது. அடிபட்டவர் அன்று செய்ததை மற்றவர்களும் தினமும் செய்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் செய்கிறார்கள். அப்படியானால் காரணம் அவரிடம் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

திருத்த நடவடிக்கையாக 'எச்சரிக்கப்பட்டார்', 'அறிவுறுத்தப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். மூடியோ, வேலியோ, வேறு வழியோ, ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். வாரச் சோதனையின் 20 இடங்களில் அந்த இடத்தையும் சேர்த்துவிடுங்கள்.

9. குறுவை லாரி வருவதற்கு முன்

வரத்து தொடங்கினால் புது ஆட்கள் வருவார்கள், ஷிப்டு நீளும், ஐப்பசி மழையில் தரை நனைந்திருக்கும். முதல் லாரிக்கு ஒரு வாரம் முன்னதாக 20 இடங்களையும் ஒரே நாளில் பாருங்கள். நனைந்த தரையில் நிற்கும் மோட்டார்களின் எர்த் இணைப்பையும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். புதிதாகச் சேருபவரை முதல் மூன்று நாட்கள் பழையவர் ஒருவரோடு மட்டுமே விடுங்கள். சாம்பல் மேடு, நெல் குழி, கழிவுநீர்த் தொட்டி மூன்றையும் அவரை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பிறகு எடைமேடைக்கு அருகே ஒரு தாள் ஒட்டுங்கள். இந்த வாரம் 20க்கு எத்தனை, சரியில்லாத இடங்கள் எவை, யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்கிறார். மன்னார்குடி ஆலையில் 212 என்ற பலகையைக் கழற்றி அந்த ஆணியிலேயே இந்தத் தாளை மாட்டினோம். முதல் வாரம் அதில் இருந்த எண் 9.